மணியொலியும் குருத்தோலையும்

ஜொகூர் மாநிலத்தின் கீழ்க்கரையிலே தென்சீனக் கடலைப் பார்த்திருக்கும் மெர்சிங் பட்டினத்தைத் தியோமான் தீவுக்குப் படகேறும் துறையாக மட்டுமே அறிந்தவர்கள் பலர். நவம்பர் தொடங்கி மார்ச்சு வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளித்துத் தீவுப் படகுகள் பெரும்பாலும் நின்றுவிடுமாதலால், கிறிஸ்து பிறப்புத் திருநாள் இவ்வூரில் மழைக்கு நடுவிலும், பாஸ்குத் திருநாள் கடல் அடங்கிய பின்னரும் வருவதே வழக்கம். இங்கே சிறு தொகையினராய் வாழும் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தம் பிள்ளைகளுக்கு அத்திருநாள்களின் அர்த்தத்தை எவ்வாறு உணர்த்துவது என்பது ஒரு சிற்றூரின் கவலையாகத் தோன்றலாம். ஆயினும் அதன் வேரைத் தேடிச் செல்வோமாயின், ஏறக்குறைய நானூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன்னர்த் தமிழகத்து முத்துக்குளித்துறையில் ஒலித்த ஒரு கைமணியிடம் போய்ச் சேருவோம்.

அந்த மணியை அடித்தவர் மறைபோதகராகிய பிரான்சிஸ்கு சவேரியார். 1542ஆம் ஆண்டு கோவாவில் கரையிறங்கி, அவ்வாண்டிலேயே பரதவர் வாழும் கடற்கரைக்கு வந்த அவருக்குத் தமிழ் தெரியாது. தம் மொழியும் தமிழும் அறிந்தவர்கள் சிலரைக் கூட்டிவைத்துப் பல நாள் உழைத்து ஜெபங்களைத் தமிழாக்கி, அவற்றை மனனம் செய்துகொண்டு, கையில் மணியுடன் தெருத்தெருவாய்ச் சென்று சிறுவர்களை அழைத்து, நாளொன்றுக்கு இருமுறை கற்பித்ததாக 1544ஆம் ஆண்டு ஜனவரி மாதம் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் அவரே கூறுகிறார். கற்ற பிள்ளைகள் வீடு திரும்பித் தாய் தந்தையர்க்கும் வீட்டிலுள்ளோர்க்கும் அண்டை அயலார்க்கும் கற்பிக்க வேண்டும் என்று அவர் கட்டளையிட்டதுதான் அக்கடிதத்தில் என் மனத்தைப் பெரிதும் கவர்ந்த செய்தி. நோயாளிகளைக் காண வரும்படி எத்திசையிலிருந்தும் அழைப்பு வர, எல்லா இடத்துக்கும் தாம் ஒருவராய்ச் செல்ல இயலாமையால், ஜெபம் கற்ற சிறுவர்களையே அவ்வீடுகளுக்கு அனுப்பி, வீட்டாரையும் அயலாரையும் கூட்டிவைத்து விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லச் செய்தார். பெரியவர் சொல்லச் சிறியவர் கேட்பதே உலக முறைமையாயிருக்க, சிறியவர் வாயிலிருந்து பெரியவர் செவிக்குச் சமயம் சென்ற அற்புதம் அந்த மணற்கரையில் நிகழ்ந்தது.

இங்கே ஓர் உண்மையை மறைப்பது நேர்மையாகாது. பிறருடைய வழிபாட்டுப் பொருள்களைச் சிதைப்பதற்கும் அப்பிள்ளைகள் ஏவப்பட்டனர் என்பது சவேரியாரின் எழுத்துகளாலேயே விளங்குகிறது. அதனை அக்காலத்து வேகம் என்று விளக்கலாமேயன்றிப் போற்ற இயலாது. மெர்சிங்கில் கிறிஸ்தவக் குழந்தையின் உடன் விளையாடும் தோழர்கள் இந்துக்களும் மலாய்க்காரர்களும் சீனர்களுமாவர். தன் திருநாளின் பொருளைக் கற்கும்போதே அவர்களுடைய திருநாளை மதிக்கவும் கற்காத குழந்தை அரைகுறையாகவே கற்றதாகும்.

1545ஆம் ஆண்டு சவேரியார் மலாக்காவுக்கு வந்தார். அங்கும் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பிப்பதைத் தம் அன்றாடக் கடமையாகக் கொண்டார். ஜெபங்களை மலாய் மொழியிலும் ஆக்கினார். 1549ஆம் ஆண்டு ஜூன் மாதம் மலாக்காவிலிருந்து சீனக் கப்பலொன்றில் ஜப்பானுக்குப் புறப்பட்டபோது, தீபகற்பத்தின் தென்முனையைச் சுற்றி, மெர்சிங்குக்கு எதிரே விரிந்து கிடக்கும் இதே தென்சீனக் கடலில்தான் அவர் வடக்கு நோக்கிப் பிரயாணம் செய்தார். அவருடைய திருநாளாகிய டிசம்பர் 3 இவ்வூரில் மழை கொட்டும் நாள்களில் வருகிறது; அன்றைக்கு அக்கப்பலின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிடப் பொருத்தமான கரை வேறெங்கே கிடைக்கும்?

மனனம் ஒன்றே போதாது என்பதைச் சவேரியாருக்குப் பின்வந்தோர் உணர்ந்தனர். தமிழை முறையாகக் கற்ற அந்திரிக்கு அடிகளார் 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் பதினாறு பக்கங்கொண்ட ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் உபதேச நூலைத் தமிழ் எழுத்தில் அச்சேற்றினார். 1586இல் ‘அடியார் வரலாறு’ என்னும் பெருநூலையும் வெளியிட்டார். தரங்கம்பாடியிலே 1706ஆம் ஆண்டு வந்திறங்கிய மறைபோதகர் சீகன்பால்கு, பிள்ளைகளோடு அமர்ந்து மணலில் எழுத்துப் பழகி, பிறகே பிள்ளைகளுக்குப் போதிக்கத் துணிந்தார். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரோ, பள்ளியாசிரியராகவும் இருந்தமையால், பாட்டில்லாத போதனை தமிழ்ச் செவியில் தங்காது என்று நன்கறிந்தவர். 1800ஆம் ஆண்டில் அவர் இயற்றிய ‘பெத்லகேம் குறவஞ்சி’, குறத்தியும் குறியும் கொண்ட நாட்டு நாடக வடிவத்திலேயே கிறிஸ்துவின் பெருமையை இசைத்தது. பிறப்பின் பொருளைப் பிறந்த மண்ணின் ராகத்தில் கேட்ட குழந்தைக்கு அது அந்நிய சமாசாரமாகத் தோன்றியிராது.

ரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள் கட்டிய கங்காணிகளின் காலத்தில், பிள்ளைகளுக்குச் சமயம் போதிக்கும் இந்தச் சம்பிரதாயம் கப்பலேறி மலாயாவுக்கு வந்தது. கூட்டரசு மலாய் மாநிலங்களின் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுள்ள பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. ஆனால் அப்பள்ளி எழுத்தறிவுக்கானது. சாமியார் தொலைவிலிருந்து எப்போதோ வருவார். இடைப்பட்ட நாள்களில் திருநாளின் பொருளைச் சொல்லும் பொறுப்பு உபதேசியார் தலையிலும், அவர் இல்லாத இடத்தில் லயத்து வாசலில் விளக்கேற்றி வைத்து ஜெபமாலை சொன்ன பாட்டிமார் தலையிலும் விழுந்தது.

ஜொகூரில் திருநாளைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதில் ஒரு தனிச் சிக்கலும் உண்டு. பெரிய வெள்ளி மலேசியாவில் சபா, சரவாக் மாநிலங்களில் மட்டுமே பொது விடுமுறை, ஜொகூரில் இல்லை. 2014 முதல் 2024 முடிய இம்மாநிலத்தில் வார ஓய்வு வெள்ளியும் சனியுமாக இருந்தமையால், அப்பதினோராண்டும் பெரிய வெள்ளி தானாகவே ஓய்வு நாளாயிற்று. மாறாக, குருத்தோலை ஞாயிறும் உயிர்த்த ஞாயிறும் பள்ளி வாரத்துக்குரிய நாள்களாயின. 2025 முதல் ஓய்வு சனிக்கும் ஞாயிறுக்கும் மாறியது. இப்போது ஞாயிறு கிடைத்தது, வெள்ளி போயிற்று. பல சமயத்தார் கூடி வாழும் நாட்டில் இதற்காக எவரையும் நோக நியாயமில்லை. ஆயினும் நாட்காட்டியை நம்பியே பிள்ளைக்குத் திருநாளைக் கற்பித்துவிடலாம் என்றிருக்கும் பெற்றோருக்கு, இங்கே எந்த ஆண்டும் பரிசுத்த வாரம் முழுமையாய்க் கைவந்ததில்லை.

குருத்தோலை ஞாயிற்றை எடுத்துக்கொள்வோம். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எருசலேமுக்கு யாத்திரை சென்ற எகேரியா என்னும் அம்மையார், அவ்வூர்ப் பிள்ளைகள் அனைவரும், நடக்க மாட்டாத குழந்தைகள் பெற்றோரின் தோள்மீதமர்ந்தும், ஈச்ச ஓலையும் ஒலிவக் கிளையும் ஏந்திப் பவனி வந்ததை எழுதி வைத்திருக்கிறார். ஆதியிலிருந்தே இது பிள்ளைகளின் கையில் கொடுக்கப்பட்ட திருநாள். மெர்சிங்கில் ஈச்சைக்குப் பதில் தென்னை. வெளிர்மஞ்சள் நிறங்கொண்ட இளங்குருத்தின் ஈர்க்கை நகத்தால் பிளந்து நீக்கி, ஓலையை இரண்டாய் மடித்து, குறுக்கே மற்றொரு கீற்றைச் செருகி இழுத்தால் சிலுவை உருவாகும். இழுப்பு சற்று மிகுந்தால் கீற்று கிழிந்துபோகும், மறுபடி முதலிலிருந்து மடிக்க வேண்டும். இதே ஊரில் இதே குருத்தை மலாய்க் குடும்பங்கள் நோன்புப் பெருநாளுக்குக் கெத்துப்பாட் கூடாகப் பின்னுகின்றன. இந்துக் குடும்பங்கள் விழாவுக்குத் தோரணமாகக் கட்டுகின்றன. மூன்று வீட்டிலும் ஒரே ஓலையைக் காணும் குழந்தை, நாம் ஏன் சிலுவையாக மடிக்கிறோம் என்று கேட்கும். கழுதைமேல் ஏறி எளிமையாய் நகருக்குள் வந்த அரசரை ஓலை பிடித்து வரவேற்றவர்களே சில நாளில் அவரைக் கைவிட்டார்கள் என்பதையும், அந்த ஓலை உலர்ந்து மறு ஆண்டு சாம்பல் புதனன்று நெற்றியில் பூசும் சாம்பலாகும் என்பதையும் அப்போது சொன்னால், பத்துப் பிரசங்கம் செய்யாததை அந்த மடிப்பு செய்துவிடும்.

சவேரியார் செய்தது போலவே, கற்ற பிள்ளை பிறருக்குச் சொல்லும்படி செய்வதுதான் இதன் உயிர்நிலை என்று நான் உறுதியாய் நம்புகிறேன். ஆகையால் மெர்சிங் பெற்றோர்களே, வரும் தவக்காலத்தில் சிலுவைகளை மடித்து முடித்துப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடாதீர்கள். வெறுங்குருத்தைக் கொடுங்கள்; மடிக்கக் கற்றபின் தம்பி தங்கைக்கும், பக்கத்து வீட்டுத் தோழன் கேட்டால் அவனுக்கும், அதன் பொருளை அவர்களே தம் வாயால் சொல்லட்டும்.