தடுப்பும் வெப்பமும்: மலைத் துவிச்சக்கர வண்டியின் வரலாற்றில் ஒரு பக்கம்

கருவிகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றைக் கண்டுபிடித்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகின்றது. எனினும், ஒரு கருவி எங்கே பழுதுபட்டது என வினவுவோர்க்குப் பிறிதொரு வரலாறு புலனாகும். மலைத் துவிச்சக்கர வண்டியின் தடுப்பு இதற்குத் தக்க சான்றாகும்.

1976 ஒற்றோபர் 21ஆந் திகதி, கலிபோர்னியாவின் மரீன் பகுதியிலே, செங்குத்தான மண்பாதையொன்றில் இளைஞர் சிலர் ஓட்டப்போட்டி நடத்தினர். அவர்கள் ஏறிச்சென்றவை கனத்த பழைய வண்டிகள். மிதியைப் பின்னோக்கி அழுத்த, பின்சக்கரக் குடத்தினுள் இயங்கும் தடுப்பே அவற்றுக்கு இருந்தது. இறக்கத்தில் குடம் கொதித்து, உள்ளிருந்த கிறீஸ் புகைந்து வெளியேறும். அதன்பின் குடத்தைப் பிரித்து மீளக் கிறீஸ் அடைத்தல் வேண்டும். 'மீள அடைத்தல்' எனப் பொருள்படும் 'றீபாக்' என்னும் பெயர் அப்பாதைக்கு வந்தது இதனாலேயே. ஒரு விளையாட்டின் தொட்டில் ஒரு பழுதின் பெயரைத் தாங்கி நிற்பது சிந்தித்தற்குரியது.

பின்னர் வந்த வண்டிகள் சக்கர விளிம்பைப் பற்றும் தடுப்புகளைக் கொண்டிருந்தன. சேறும் நீரும் படிந்தவிடத்து அவை வலுவிழந்தன. தீர்வோ மோட்டார் வண்டியுலகில் முன்னரே இருந்தது. வட்டுத் தடுப்புக்கு லஞ்செஸ்ரர் 1902இல் காப்புரிமை பெற்றிருந்தார். 1953இல் லெ மான் போட்டியில் வென்ற ஜகுவார் வண்டி அதன் ஆற்றலை நிலைநாட்டிற்று. திரவத்தால் இயங்கும் தடுப்பு 1921இலேயே டூசன்பேர்க் வண்டியில் இடம்பெற்றது. இவ்விரண்டின் இணைப்பு மலைவண்டியிற் பரவியதோ 1990களின் பிற்பகுதியிலாகும்.

புதிய தடுப்பு பழைய பகையை ஒழித்ததா? இல்லை. அடைபட்ட திரவம் அமுக்கத்தைக் குன்றாது கடத்தும் என்பது 1663இல் வெளியான பஸ்காலின் நூல் தந்த விதி. அதனைப் பயன்கொள்ளத் திரவம் சுருங்காதிருத்தல் வேண்டும், வளியோ சுருங்கும். குழாயினுள் ஒரு குமிழி புகுந்தாலும் நெம்பு இளகும். வளியை வெளியேற்றுவதே பரிகாரம். நெம்பு உறுதியாகவிருந்தும் வண்டி நில்லாதெனின், குறையைத் திரவத்தில் தேடுதல் வீண். உராய்வுப் பட்டையில் எண்ணெய் படிந்திருக்கக்கூடும். (வட்டை விரலால் தொட்டுப் பார்ப்போர் இதனைக் கருத்திற் கொள்வாராக.)

எல்லாவற்றினும் கொடியது வெப்பமே. கிளைக்கோல் வகைத் தடுப்புத் திரவம் காலப்போக்கில் ஈரத்தை உறிஞ்சும். நான்காம் தரத் திரவத்தின் கொதிநிலை புதிதாகவிருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியசு. ஈரமேறியபின் அதற்கு விதிக்கப்பட்ட கீழெல்லை 155 பாகையே. கனிய எண்ணெய் நீரை ஏற்பதில்லை. ஆயினும் உட்புகுந்த நீர் கீழே வட்டையடுத்துத் தேங்கி, 100 பாகையளவிலேயே ஆவியாக முற்படும். இவ்விரண்டையும் மாற்றி ஊற்றினால் இறப்பர் அடைப்புகள் கெடும்.

நீண்ட இறக்கத்தின் நடுவே நெம்பு கைப்பிடியைத் தொடுமளவு இளகி, அடிவாரத்திற் குளிர்ந்தபின் மீள உறுதியடைவதுண்டு. அதுகண்டு பழுது தானே நீங்கிற்றெனக் கருதுவோர் உளர். ஆவி மீளத் திரவமாயிற்றேயன்றி, ஈரம் அங்கேயே உள்ளது.