ஒரே பெட்டியில் நான்கு மொழிகள்

மொழிக்கொரு ஒளிவழி என்பது இன்று இயல்பாகிவிட்டது. நான்கு இனத்தவரும் ஒரே ஒளிவழிக்காகக் காத்திருந்த காலமும் உண்டு என்றால் இன்றைய மாணவர்கள் வியப்படைகின்றனர். அக்காலத்தை அறிய, 1963-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் தோன்றிய சிறு நிலையமொன்றின் வரலாற்றை நோக்க வேண்டும்.

அவ்வாண்டு பிப்ரவரி 15-ஆம் நாள் மாலை ஆறு மணிக்கு, சிங்கப்பூர்த் தொலைக்காட்சி தன் சோதனை ஒளிபரப்பைத் தொடங்கியது. விக்டோரியா நினைவு மண்டபத்தில் அழைப்பாளர்கள் கூடியிருந்தனர். திரையில் முதன்முதலாகத் தோன்றியவர் கலாசார அமைச்சர் எஸ். ராஜரத்தினம். யாழ்ப்பாணத்தில் பிறந்து, நம் சிரம்பானில் வளர்ந்து, செய்தித்தாளில் எழுதிப் பெயர் பெற்றவர் அவர். அன்றைய நிகழ்ச்சிகள் ஒரு மணி நாற்பது நிமிடத்தில் முடிந்தன. ஏப்ரல் 2-ஆம் நாள் முறையான சேவை தொடங்கியது. மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கும் அந்த ஒரே ஒளிவழியின் மாலைப்பொழுதைப் பங்கிட்டுக்கொண்டன.

அந்நாளில் 58 பேருக்கு ஒரு பெட்டி என்பதே கணக்கு. கூலித் தொழிலாளியின் வருவாய்க்கு அது எட்டாத பொருள். ஆகவே சமூக மன்றங்களில் வைக்கப்பட்ட பெட்டிகளின் முன்தான் மக்கள் திரண்டனர். பெட்டி பொதுவுடைமையாக இருந்ததால் நிகழ்ச்சியும் பொதுவாயிற்று. தமிழ்ச் செய்தி வந்தவுடன் எழுந்து சென்றால், அடுத்த நிகழ்ச்சிக்கு இடம் கிடைக்காது! எனவே புரிந்தவரும் புரியாதவரும் அமர்ந்தே இருந்தனர். அரசாங்கம் எத்தனையோ கூட்டங்கள் நடத்தியும் பெற இயலாத அறிமுகத்தை இந்த இடநெருக்கடி அளித்தது என்பது என் கருத்து.

அவ்வாண்டு நவம்பரில் இரண்டாவது ஒளிவழி வந்தது. மலாயும் ஆங்கிலமும் 5-ஆம் ஒளிவழியில் நிலைபெற்றன. சீனமும் தமிழும் 8-ஆம் ஒளிவழிக்குச் சென்றன. ஒரு கூரையின்கீழ்ப் பெரிய குடும்பமொன்றும் சிறிய குடும்பமொன்றும் குடியிருந்ததைப் போன்ற ஏற்பாடு அது. தமிழுக்குக் கிடைத்த நேரம் குறைவே. நம்மவர் அதனைக் குறையாகக் கூறியதில் நியாயம் உண்டு. எனினும் சீனக் குடும்பங்களின் கண்ணில் தமிழ் நாள்தோறும் பட்டது என்பதையும் மறுப்பதற்கில்லை.

அலைகளுக்கு எல்லைச்சாவடி இல்லை. கோலாலம்பூரில் தொலைக்காட்சி தொடங்கியது 1963 டிசம்பர் 28-ஆம் நாளன்று. அதற்கு முன்பே தெப்ராவ் நீரிணையைக் கடந்து சிங்கப்பூர் ஒளிபரப்பு ஜொகூர் பாருவை எட்டியது. பிற்காலத்திலும் எங்கள் ஊர்க் கூரைகளில் மீன்முள் போன்ற ஏரியல்கள் பல தெற்கு நோக்கியே நின்றன. தமிழ்ப்படம் ஒளியேறும் இரவில் மலாய் அண்டை வீட்டாரும் வந்து அமர்வர், எம்.ஜி.ஆரின் வாட்போருக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. 1965 ஆகஸ்டு 9-ஆம் நாள் இரு நாடுகளும் பிரிந்தபோது, லீ குவான் யூ கண்கலங்கியதை மக்களுக்குக் காட்டியதும் இந்நிலையமே.

பின்னர் நிகழ்ந்தவற்றைச் சுருங்கக் கூறலாம். 1974-இல் வண்ணம் வந்தது. 1980-இல் நிலையம் சிங்கப்பூர் ஒலிபரப்புக் கழகமாயிற்று. 1990-களின் நடுப்பகுதியில் தமிழ் 8-ஆம் ஒளிவழியை விட்டு 12-ஆம் ஒளிவழிக்குப் பெயர்ந்தது. 2000-ஆம் ஆண்டில் 'வசந்தம் சென்ட்ரல்' என்னும் பெயரில் மற்றொரு ஒளிவழியில் சில மணி நேரம் பெற்றது. 2008 அக்டோபர் 19-ஆம் நாளன்றே 'வசந்தம்' என்னும் தனி ஒளிவழி அமைந்தது. ஆக, சொந்த வீடு கிடைக்க 45 ஆண்டுகள் ஆயின.

இதனால் நாடகமும் செய்தியும் கலந்துரையாடலும் பெருகின. இளைஞர் பலர் தமிழால் தொழில் பெற்றனர். இது சிறிய பேறன்று. ஆயினும் தனி வீட்டுக்குள் நாம் பேசுவதை அண்டை வீட்டார் கேட்க வாய்ப்பில்லை. தமிழறியாத ஒருவர் தற்செயலாகத் தமிழ்ச் செய்தியைக் காணும் நிலை, பெட்டிகளும் ஒளிவழிகளும் பெருகிய பின்னர் அரிதாகிவிட்டது. தமிழ் முன்பு குடியிருந்த 8-ஆம் ஒளிவழியில் இன்று பெரும்பாலும் மாண்டரினே ஒலிக்கின்றது.