ஆயாவின் பால் டின்

எங்கள் ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எந்தப் பிள்ளை குப்புற விழப் பிந்தியது, எது கூப்பிட்டால் திரும்பவில்லை என்பது மட்டும் அத்துப்படி.

விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போகிற அம்மாக்கள் பிள்ளைகளை ஆயாக் கொட்டாயில் விட்டுப் போவார்கள். உத்தரத்தில் பழைய சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். ரப்பர் பால் எடுத்து, எடை போட்டுத் திரும்ப மதியமாகிவிடும். அதுவரை நாற்பது பிள்ளைகளும் ஆயாவின் கண்ணில்தான். சந்தேகம் வந்தால் பிள்ளைக்குப் பின்னால் நின்று காலி பால் டின்னில் கரண்டியால் ஒரு தட்டு. திரும்பாத பிள்ளையின் அம்மாவைச் சாயங்காலம் நிறுத்தி வைத்துப் பேசுவார்.

அதோடு சரி. தோட்டத்து மருந்தகத்து டிரஸரிடம் காய்ச்சலுக்கும் வெட்டுக்காயத்துக்கும் மருந்து உண்டு. பேச்சு வராத பிள்ளைக்கு என்ன உண்டு? வசம்பைச் சுட்டு நாக்கில் தடவுவார்கள், முனியாண்டிக்கு நேர்ந்துகொள்வார்கள். மலேசியச் சமூகநலத் துறையின் பி.டி.கே. என்னும் சமூக மறுவாழ்வு மையமே 1984-இல்தான், அதுவும் திரங்கானுவின் பத்து ராக்கிட்டில்தான், முதன்முதலில் தொடங்கியது. கொட்டாயில் தெரிந்ததை எடுத்துக்கொண்டு போக ஓர் இடம் இல்லை.

பிறர் பிள்ளையை எடுத்து வளர்ப்பதும் எங்களுக்குப் புதிதல்ல. 1969-இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த பக்கத்து லயத்துக்காரர்கள் கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டுக் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். அவள் என் தங்கை ஆனாள். ஒரே பாயில் படுக்கிற பிள்ளைக்குத் தாள் எதற்கு என்றார் அம்மா. தாள் எதற்கென்று பள்ளியில் சேர்க்கப் போன அன்று தெரிந்தது. சூராட் பெரானாக் என்ற பிறப்புப் பத்திரம் இல்லாமல் அவள் பட்ட பாட்டைத் தனியாக எழுத வேண்டும். தத்துப் பதிவுச் சட்டம் 1952-லேயே வந்துவிட்டது. லயத்தில் அதை யார் சொன்னார்கள்?

தோட்டங்களில் பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்று தொழிலாளர் குடியிருப்பு வசதிகள் பற்றிய 1990-ஆம் ஆண்டுச் சட்டமும் சொல்கிறது. ஆனால் எங்கள் பக்கத்து லயங்கள் காலியாகிக்கொண்டிருந்த காலம் அது. 1996-இல் கூலிம் ஹைடெக் பூங்காவைத் திறந்தார்கள். பால் வாளி தூக்கிய பெண்கள் தொழிற்சாலை பஸ் ஏறினார்கள், நானும் ஏறினேன். தாமான் என்ற புதுக் குடியிருப்பு வீட்டில் தண்ணீரும் கரண்டும் வந்தன, குறை சொல்ல மாட்டேன். பிள்ளைகள் மட்டும் ஆளுக்கொரு கதவுக்குள் போய்விட்டார்கள். பக்கத்தில் படுத்திருக்கும் இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆளில்லை.

என் பையன் பதினோரு மாதத்தில் என்னிடம் வந்தான். உறவுக்காரப் பெண்ணின் பிள்ளை. பதினெட்டாம் மாதம் கிளினிக்கில் தாதி கேள்வித்தாளைப் படித்தார்: வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுகிறானா? 'காட்டுவான்' என்றேன். அவன் காட்டியதே இல்லை. கேட்குமுன்பே கையில் கொடுத்துவிடுவேன். வளர்க்கக் கொடுத்த பிள்ளையைக் குறைவாக வளர்த்தேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற பயம். அந்த ஒரு சொல்லால் ஓராண்டு போயிற்று.

பிறகு மறுபடியும் கிளினிக்குக்குப் போனபோது, 'நீங்கள் யார்? தாய் எங்கே? கையெழுத்து யார் போடுவது?' என்றார்கள். தத்துப் பதிவுச் சட்டப்படி பிள்ளை இரண்டாண்டு தொடர்ந்து நம்மிடம் இருந்திருக்க வேண்டும். அது முடியும்வரை ஒவ்வொரு தாளுக்கும் பெற்றவளைத் தேடி பாடாங் செராய்க்கு ஓடினேன்.

முதலில் காது பார்க்க வேண்டும் என்றார்கள். கதவு கனத்த சின்ன அறை. பையன் என் மடியில். பக்கவாட்டில் ஒரு சத்தம். அவன் திரும்பினால் பெட்டிக்குள் பொம்மைக் குரங்குக்கு விளக்கெரிகிறது. எனக்கு டின்னும் கரண்டியும்தான் தெரிந்தன. திரும்பினான். சத்தத்தைக் குறைத்தார்கள், மறுபடியும் திரும்பினான்.

காது நன்றாக இருக்கிறது என்று எழுதி, பேச்சுப் பயிற்சிக்கு நான்கு மாதம் கழித்துத் தேதி கொடுத்தார்கள்.