வள்ளி (கே. பி. சுந்தராம்பாள் ஏற்ற மேடைப் பாத்திரம்)

சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' நாடகத்தின் தலைவி. தினைப்புனத்துப் பரண்மேல் நின்று, கவண் வீசி, ஆலோலம் பாடிக் கிளியோட்டும் குறமகள். வேடனாகவும் வேங்கை மரமாகவும் கிழவனாகவும் வரும் முருகனிடம் வாய்க்கு வாய் எதிர்வாதம் செய்பவள். அன்றன்று மேடையிலேயே சொல்லெடுத்துப் பாட வேண்டியிருந்ததால், குரலும் துணிவும் இல்லாதவர்க்கு இவ்வேடம் எட்டாது.

கொடுமுடியில் 1908இல் பிறந்த சுந்தராம்பாளுக்கு இரண்டும் இருந்தன. கொழும்பில் 1926இல் எஸ். ஜி. கிட்டப்பாவோடு ஜோடி சேர்ந்தார். உச்சஸ்தாயியில் கிட்டப்பா பாட, அதே சுருதியில் வள்ளி மறுமொழி பாடுவதைக் கேட்கவே கூட்டம் திரண்டது. மேடைத் துணை வாழ்க்கைத் துணையுமானது.

1933 டிசம்பரில் கிட்டப்பா மறைந்தார். வெள்ளைச் சேலைக்கு மாறிய சுந்தராம்பாள், ஆண் நடிகருக்கு ஜோடியாக மீண்டும் நடிக்கவில்லை. 1935இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்தார்.