கரிசலிலிருந்து அக்கரைக்கு

மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் பெரிய சாலை கோவில்பட்டியைக் கடந்து தெற்கே சிறிது தூரம் சென்றதும் எதிர்ப்படுகிற இடைசெவல், வானத்தை நம்பிப் பருத்தியும் கம்பும் சோளமும் விளைவித்து வந்த கரிசல் கிராமங்களுள் ஒன்று. கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமி என்னும் இரண்டு எழுத்தாளர்களால் அதன் பெயர் தமிழ் வாசகர் உலகம் முழுவதும் பரவியிருக்கிறது. ஆனால் அந்த இலக்கியப் புகழ் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இந்தப் பிரதேசத்துக்கு வேறொரு சரித்திரம் உண்டு. கண்மாய்த் தண்ணீரைத் தவிர வேறு பெருநீரைப் பார்த்தறியாத குடியானவர்கள் கடல் கடந்து போய், சம்பாதித்து, பலர் திரும்பி, பலர் திரும்பாமலே மறைந்த சரித்திரம் அது. அவர்களுள் பிறர் இழுத்துச் செல்லப் போனவர்களும் இருந்தார்கள். தம் காசில், தம் விருப்பத்தால், தாமே வழி விசாரித்துக்கொண்டு போனவர்களும் இருந்தார்கள். இந்த இரண்டாவது வகையினர் கைக்கொண்ட பிரயாண முறைகள் எப்படி உருவாயின என்பதே நான் இங்கே சொல்ல விரும்புவது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முப்பதுகளுக்குப் பிறகு இலங்கையின் கண்டி மலைகளில் காப்பித் தோட்டங்கள் பெருகியபோது, திருநெல்வேலி, மதுரை, திருச்சி ஜில்லாக்களிலிருந்து ஜனங்கள் கூட்டங்கூட்டமாகப் புறப்பட்டார்கள். ரயில் இல்லாத அக்காலத்தில், இராமநாதபுரம் கடற்கரை வரையில் நடந்து, அங்கே தோணி ஏறி மன்னார்க் கரையில் இறங்கி, பிறகு தண்ணீர் அரிதான காட்டு வழியே மாத்தளை வரையில் மறுபடியும் நடந்தாக வேண்டும். காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் அந்த வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கு வைத்தவர் இல்லை. காப்பிப் பழம் பறிக்கும் பருவம் முடிந்ததும் பெரும்பாலோர் வந்த வழியே ஊர் திரும்பினார்கள்; ஆகவே அந்தக் கொடிய பாதையைப் பற்றிய அறிவும் அவர்களுடனேயே ஊருக்கு வந்தது. எந்தச் சத்திரத்தில் தங்கலாம், எந்த ஊற்றுநீரைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது, நோயாளி ஒருவனை விட்டுவிட்டுப் போகாத கூட்டம் எது என்பவையெல்லாம் வாய்மொழியாகவே வந்த செய்திகள். அச்சிட்ட பிரயாண நூல் ஒன்றும் கையில் இல்லாத ஜனங்களுக்குத் திரும்பி வந்தவனே நூலாக இருந்தான்.

1876-ஆம் வருஷம் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. அதே வருஷந்தான் தாது வருஷப் பஞ்சமும் தொடங்கிற்று. இந்த இரண்டும் ஒருங்கே நேர்ந்ததை நினைக்கும்போது என் மனம் கலங்காமல் இருப்பதில்லை. வெடித்த கரிசலில் விதைத்தது முளைக்காமற் போன அந்தச் சமயத்தில், கோவில்பட்டி ஸ்டேஷன் பலருக்கு உயிர் பிழைக்கும் வாசலாயிற்று. இடைசெவல்காரர்களுக்கு இன்னும் அருகில் இருப்பது குமாரபுரம். அழகிரிசாமியின் கதையொன்று அந்தச் சின்ன ஸ்டேஷனைப் பின்னால் இலக்கியத்தில் நிலைநிறுத்தியது. அங்கே ஏறினால் கடம்பூர், மணியாச்சி, தட்டப்பாறை, அப்புறம் தூத்துக்குடி. நடந்தால் வாரக்கணக்கில் ஆகும் யாத்திரை, ஒரு பகல் ரயிலும் ஓர் இரவுக் கப்பலுமாகச் சுருங்கிற்று.

வழி சுருங்கியதே தவிர, விலை சுருங்கவில்லை. ஊரில் வந்து ஆள் சேர்க்கும் கங்காணி, ரயில் கட்டணம், கப்பல் கட்டணம், புறப்படும் முன் வீட்டாருக்குக் கொடுத்த முன்பணம், வழியில் போட்ட சோறு எல்லாவற்றையும் கூட்டிக் கணக்கில் எழுதிக்கொள்வான். தோட்டத்தில் கால் வைக்கும்போதே பிரயாணி கடனாளி. அந்தக் கடன் துண்டு என்னும் காகிதத்தில் ஏறிற்று. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், புதிய துரை அந்தத் துண்டிலுள்ள தொகையைச் செலுத்தி ஆட்களை எடுத்துக்கொள்ள வேண்டும். மனிதனின் கடனை விற்பது போலத் தோன்றினாலும் உண்மையில் கைமாறியது மனிதன்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகரச் சீட்டையும் கூலிகளுக்குக் கொடுத்து அனுப்பினார்கள். அதற்கான செலவும் கடைசியில் அதே கடனில்தான் போய்ச் சேர்ந்தது. துண்டு முறை 1921-இல்தான் சட்டத்தால் ஒழிந்தது.

கரிசல் காட்டில் சுயேச்சையான பிரயாணத்தின் முதல் விதி இந்த அனுபவத்திலிருந்துதான் பிறந்தது என்பது என் துணிபு. போகிற செலவும், போன இடத்தில் வேலை கிடைக்காமற் போனால் திரும்பி வருகிற செலவும் தன் மடியில் இருந்தாலொழியப் புறப்படக் கூடாது என்பதே அது. ஆடு விற்றும், நகையை அடகு வைத்தும், இரண்டு மகசூல் வரையில் காத்திருந்தும் அந்தத் தொகையைச் சேர்த்தவர்கள் உண்டு என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கங்காணியிடம் கை நீட்டினால் நாளைக்கே புறப்படலாம் என்று தெரிந்தும் காத்திருந்த அந்தப் பொறுமையை நான் மிகப் பெரிய விவேகமாக மதிக்கிறேன்.

அவர்கள் கட்டிய மூட்டையும் யோசித்துக் கட்டியதுதான். புளிச்சோறு முதல் நாளுக்கு; பொரிகடலையும் கருப்பட்டியும் மறுநாளுக்கும் அப்பாலும்; கப்பலில் தலை சுற்றினால் மோந்து பார்க்கவும் சப்பவும் எலுமிச்சம்பழம்; வயிற்றுக்குச் சுக்கும் ஓமமும்; ஒரு சொம்பு, ஒரு ஜமக்காளம், மாற்று வேட்டி. பணத்தை ஒரே இடத்தில் வைப்பதில்லை. பாதி இடுப்பில், பாதி துணிமடிப்பில் தைத்து. விலாசத்தைக் காகிதத்தில் எழுதி வைத்ததோடு நில்லாமல் மனப்பாடமும் செய்துகொள்வார்கள். காகிதம் நனையும், மனம் நனையாது. கொழும்பில் இறங்கியதும் முதலில் தேடுவது நம்மூர்க்காரர் நடத்தும் கடையை. வேலை விசாரணை, படுக்க இடம், ஊருக்குக் கடிதம் எழுத ஓர் ஆள், எல்லாம் அங்கிருந்துதான். மிளகாய் வற்றலும் வெங்காயமும் தூத்துக்குடித் தோணிகளில் கொழும்புக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. சரக்குப் போன தடத்திலேயே மனிதனுக்கும் அறிமுகம் கிடைத்தது.

நாணயக் கணக்கும் ஒரு வித்தையாக இருந்தது. இலங்கையில் 1872 முதல் ரூபாய்க்கு நூறு சதம். நம்மிடமோ 1957 வரையில் ரூபாய்க்குப் பதினாறு அணா. நாலணா என்றால் இருபத்தைந்து சதம் என்பது எளிது. ஓரணாவுக்கு ஆறே கால் சதம் என்பது எளிதல்ல. அந்தக் கால் சதத்தில்தான் புதியவன் ஏமாந்தான். ஆகையால் கப்பல் ஏறும் முன்பே கணக்குத் தெரிந்தவனிடம் இரவில் உட்கார்ந்து வாய்ப்பாடாகவே அதைக் கற்றுக்கொண்டு போவார்கள்.

பிளேக் பயம் பரவிய பிறகு தட்டப்பாறையில் ஒரு முகாம் ஏற்பட்டது. தோட்டத்துக்குப் போகிறவர்களை அங்கே நிறுத்தி வைத்து, அம்மை குத்தி, துணிமணிகளை நீராவியில் அவித்து, நோயில்லை என்று கண்ட பிறகே கப்பலுக்கு விட்டார்கள். 1914-இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடத் தொடங்கியதும் இந்த வேலை மண்டபம் முகாமுக்குப் போயிற்று. அதன் பிறகு கோவில்பட்டிக்காரருக்கு இரண்டு வழிகள்: தெற்கே போனால் கொஞ்சம் ரயிலும் ஓர் இரவுக் கடலும், வடக்கே மதுரை போய்த் திரும்பினால் நீண்ட ரயிலும் சில மணி நேரக் கடலும். கடல் ஒத்துக்கொள்ளாதவர்களும் குழந்தைகளோடு போகிறவர்களும் இரண்டாவதையே தேர்ந்தார்கள்.

தூத்துக்குடி வழிக்குள்ள மற்றொரு பெருமையைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. இதே கரிசல் மண்ணின் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, காலியா, லாவோ என்னும் இரு கப்பல்களைக் கொழும்புக்கு விட்டார். வெள்ளைக்காரக் கம்பெனி அதை வீழ்த்தக் கட்டணத்தை இறக்கிக்கொண்டே போய், முடிவில் இலவசமாக ஏற்றிக்கொண்டு குடையும் கொடுத்தது என்று சொல்வார்கள். வேலை தேடிப் போகும் ஏழைக்கு அந்த இலவசம் எவ்வளவு பெரிய ஆசை என்று எண்ணிப் பார்த்தால்தான், காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறியவனுடைய தேசபக்தியின் அளவு விளங்கும். 1908-இல் சிதம்பரம் பிள்ளை சிறை புகுந்தார், கம்பெனி நொடித்தது. அந்தக் கொந்தளிப்பின் தொடர்ச்சியாக 1911-இல் கலெக்டர் ஆஷ் சுடப்பட்ட மணியாச்சி ஸ்டேஷன், கரிசலிலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் ஒவ்வொரு பிரயாணியும் கடந்து தீர வேண்டிய ஸ்டேஷன்தான்.

1939-இல் இந்திய அரசாங்கம் தோட்டக் கூலிகள் இலங்கைக்குப் போவதைத் தடுத்தது. 1949 நவம்பரில் இலங்கையின் குடியேற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும், அதுவரை மூட்டையோடு போய் இறங்கியவன் பாஸ்போர்ட்டும் விசாவுமாக நிற்க வேண்டியதாயிற்று. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தப்படி, இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவாயிற்று. தாத்தா எந்த ஊரிலிருந்து புறப்பட்டார் என்பதுகூடத் தெரியாத பேரப்பிள்ளைகள், தாய்நாடு என்று சொல்லப்பட்ட அந்நிய நாட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு வழி சொல்ல முன்னே போய் வந்தவன் ஒருவனும் இருக்கவில்லை. அந்த டிசம்பரிலேயே புயல் தனுஷ்கோடியை அழித்தது. பிறகு இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1984-இல் நின்றது.

இந்தப் பெருங்கூட்டப் பிரயாணங்களுக்கு இடையே, இடைசெவல் மண்ணிலிருந்து வேறு விதமான யாத்திரை ஒன்றும் நடந்தது. 1952-இல் அழகிரிசாமி ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் பணியாற்றக் கோலாலம்பூர் சென்று 1957 வரையில் அங்கே இருந்தார். மலாயாவில் எழுதத் தொடங்கியிருந்த இளைஞர்களுக்குச் சிறுகதையின் நுட்பங்களைப் பழக்கினார். ரப்பர்த் தோட்டத்துக்கு உடம்பை மட்டும் கொண்டு போன லட்சக்கணக்கான தமிழர் சென்ற திசையில், கரிசல்காரர் ஒருவர் கலையைக் கொண்டு போனார்.

இப்போது கோவில்பட்டிப் பக்கத்து இளைஞர்கள் போவது வளைகுடா நாடுகளுக்கு. பழைய விதி இன்றைக்கும் அட்சரம் பிசகாமல் பொருந்துகிறது: ஏஜெண்டிடம் கடன்பட்டுப் போகாதே, பாஸ்போர்ட்டைப் பிறர் கையில் விடாதே, திரும்பும் செலவை முதலில் எடுத்து வை. ஆள் சேர்ப்பவர் அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்று 1983-ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டம் சொல்கிறது. பத்தாம் வகுப்புத் தேறாதவர் சில நாடுகளில் வேலைக்குப் போகத் தனி அனுமதியும் பெற வேண்டும். இவற்றைப் புறப்படும் முன் விசாரிப்பதற்கு ஒரு நாள் செலவானால் அது வீண் செலவன்று.

நான் கொழும்பு போனது மதுரையிலிருந்து விமானத்தில். செட்டியார் தெருவில் கதிரேசன் கோயிலைத் தரிசித்துவிட்டு, பக்கத்துக் கடையொன்றில் பேச்சுக் கொடுத்தபோது, கடைக்காரப் பெரியவர், “தம்பிக்கு எந்த ஊர்?” என்றார். கோவில்பட்டி என்றதும் ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவருடைய தகப்பனார் தூத்துக்குடிக் கப்பலில் வந்த விவரத்தைச் சொல்லத் தொடங்கிவிட்டார். அந்தக் கப்பல் 2011 ஜூனில் மீண்டும் விடப்பட்டது. சில மாதங்களில் நின்றும் போயிற்று. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் ஒரு கப்பல் ஓடத் தொடங்கியது நல்ல செய்தியே. ஆயினும் கரிசல் காட்டுக்குக் கடல்வாசல் தூத்துக்குடிதான். விமானத்தில் அனுமதிக்கும் எடைக்குள் சரக்கை அடக்க முடியாத சிறு வியாபாரிக்கும், உறவைப் பார்க்கப் போகும் ஏழைக் குடும்பத்துக்கும் கட்டும்படியான கட்டணத்தில், தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் பிரயாணிக் கப்பல் மறுபடியும் நிலையாக ஓட வேண்டும்.