நெர்ச்சின்ஸ்க் உடன்படிக்கை

ஆமூர் நதிக்கரையிலிருந்த அல்பாசின் கோட்டைக்காக இரஷ்யரும் சீனரும் பொருதிக் களைத்தபின், 1689 ஆம் ஆண்டில் இருதரப்புத் தூதரும் சைபீரியாவிலுள்ள நெர்ச்சின்ஸ்க் நகரிற் கூடினர். சீனருடன் வந்த இயேசு சபைக் குருமார் இருவர் இடைநின்று பேசினர். உடன்படிக்கையின் மூலமும் இலத்தீனிலேயே எழுதப்பட்டது. இருவர்க்கும் அயன்மொழியாதலின் எவர்க்கும் இழுக்கில்லை! எனினும் அக்குருமார் சீன மன்னரின் ஊழியர் என்பதை மறத்தலாகாது.

கோட்டையை இடித்து நீங்க இரஷ்யர் இசைந்தனர். கடவுச்சீட்டுடைய வணிகர் எல்லை கடந்து வாணிகஞ் செய்யச் சீனர் இசைந்தனர். மேற்கே சுங்காரியரை அஞ்சிய காங்சி மன்னருக்கு வடக்கில் அமைதி வேண்டியிருந்தது. இரஷ்யருக்கோ மென்மயிர்த் தோலுக்குச் சந்தை வேண்டியிருந்தது. இத்தேவைகள் இருந்தவரை எல்லையும் நிலைத்தது. 1858 இல், சீனம் நலிந்த வேளையில், இரஷ்யா ஆமூரின் வடகரையைக் கைக்கொண்டது. எஞ்சிய எல்லைப் பிணக்கு 2004 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி 2008 இலேயே தீர்ந்தது. அப்போது ஆற்றுத்தீவொன்றை இரு நாடுகளும் பகிர்ந்துகொண்டன.