இதய நிறுத்தத்துக்குப் பிந்தைய உடல் வெப்பக் கட்டுப்பாடு

மாரடைப்பும் இதய நிறுத்தமும் ஒன்றல்ல. மாரடைப்பில் இதயத் தசைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபடுகிறது. இதய நிறுத்தத்தில் துடிப்பே நின்று மூளைக்கு இரத்தம் போகாமல் போகிறது. துடிப்பு மீண்ட பின்னும் பலர் கண் விழிப்பதில்லை. மூளையைக் காக்க உடலைக் குளிர்விக்கும் முறையை 1958இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் நான்கு நோயாளிகளிடம் பயன்படுத்தி எழுதினர். பக்கவிளைவுகளால் அது பின்னர் கைவிடப்பட்டது.

2002இல் வெளியான இரு ஆய்வுகள் அதற்கு மறுவாழ்வு தந்தன. ஐரோப்பாவில் 275 பேரிடம் நடந்த ஆய்வில், 32 முதல் 34 பாகை செல்சியசில் 24 மணி நேரம் வைக்கப்பட்டவர்களில் 55 விழுக்காட்டினர் நன்கு தேறினர். மற்றவர்களில் 39 விழுக்காட்டினரே தேறினர். மெல்போர்ன் ஆய்வும் அவ்வாறே கூறியது. குளிரூட்டும் மெத்தைகளும் கருவிகளும் சந்தைக்கு வந்தன. அவை சிற்றூர் மருத்துவமனைகளுக்குக் கட்டுபடியாகும் பொருள்கள் அல்ல.

விருதுநகர் மாவட்டத்தின் இராஜபாளையத்தையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் எடுத்துக்கொண்டால் சிக்கல் விளங்கும். இரண்டு ஊர்களிலும் அரசு மருத்துவமனைகள் உண்டு. ஆனால் மதுரையின் பெரிய மருத்துவமனைகளுக்குச் சாலைவழி சுமார் 75 முதல் 85 கி.மீ. செல்ல வேண்டும். தமிழகத்தில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008இல் வந்தது. விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. இருந்தும் பயண நேரம் பயண நேரம்தான். அப்படியானால் வழியிலேயே குளிர்விக்கத் தொடங்கலாமா? வேண்டாம் என்பதே 2014இல் சியாட்டிலில் கிடைத்த விடை. ஆம்புலன்சில் குளிர்ந்த உப்புநீர் ஏற்றியதால் பிழைத்தவர் எண்ணிக்கை கூடவில்லை. சிலருக்கு இதயம் மறுபடி நின்றது, நுரையீரலில் நீர் கோத்தது.

இதற்கிடையே குளிர்விப்பின் அடிப்படையே ஆட்டம் கண்டது. சுவீடன் ஆய்வாளர் தலைமையில் 2013இல் 33 பாகையும் 36 பாகையும் ஒப்பிடப்பட்டன, வேறுபாடு இல்லை. 2021இல் சுமார் 1,850 பேரிடம் குளிர்விப்பையும் காய்ச்சலைத் தடுப்பதையும் ஒப்பிட்டபோதும் அதே முடிவு. 2002இல் குளிர்விக்கப்படாதவர்களில் பலருக்கு உடல் சூடு ஏறியிருந்தது. பலன் தந்தது குளிரா, காய்ச்சலின்மையா என்ற ஐயம் அதனால் வலுத்தது.

2022 ஐரோப்பிய வழிகாட்டுதல், நினைவு திரும்பாதவர்களுக்கு வெப்பம் 37.7 பாகையைத் தாண்டாமல் குறைந்தது 72 மணி நேரம் காக்கச் சொன்னது. இடைவிடாமல் வெப்பம் அளப்பது, பாராசிட்டமால், போர்வையை விலக்குவது ஆகியவை தாலுகா மருத்துவமனைக்கும் எட்டுபவை. அவற்றுக்கு அடங்காத காய்ச்சலுக்குத்தான் கருவி தேவை. நடுக்கம் வந்தால் மயக்க மருந்தும் வேண்டும்.

இந்த 72 மணி நேரம் உறவினர்களுக்கும் முக்கியமானது. மூளை மீளுமா என்பதை அதற்கு முன் உறுதியாகச் சொல்ல இயலாது. மயக்க மருந்தின் விளைவு நீடித்தால் இன்னும் தாமதமாகும். "இனி விழிக்கமாட்டார்" என்று முதல் நாளிலேயே வீட்டுக்குத் தூக்கிச் செல்லப்படுபவர்களில் விழித்திருக்கக்கூடியவர்களும் இருக்கலாம்.